நொர்மானின் புருவமும் என் வலது தோளும்

நொர்மான் கடைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, அவருடைய வலது புருவத்துக்கு மேலே பிறை வடிவத்தில் ஒரு காயம் இருந்தது. ஐந்து தையல் போட்டிருந்தார்கள். கண்மடல் வீங்கி நாவற்பழ நிறத்தில் கறுத்திருந்தது. கையில் வேட்டைத் துவக்குப் பை.

பார்த்த கணத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் காயத்துக்குக் காரணம் நான்தான்.

அவர் சிரித்தபடிதான் வந்தார். "வேலை நல்ல நேர்த்தி," என்றார். "குண்டு குறியில பட்டுது. ஸ்கோப் என்னில பட்டுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த கடைச் சொந்தக்காரி மதாம் லிசெத் மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி, முதலில் அவருடைய புருவத்தையும் பிறகு என் முகத்தையும் பார்த்தார். அவருடைய தட்டச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடிதம் கிடந்தது. நான் நிரந்தர வேலையில் இருக்கிறேன் என்று அரசாங்கக் குடிவரவுக் கந்தோருக்குச் சொல்கிற கடிதம் அது. கையெழுத்துத்தான் பாக்கி. அந்தக் கையெழுத்து விழாவிட்டால் என் மனைவி மஞ்சுவும் மகளும் கொழும்பு லொட்ஜ் அறையில் இன்னும் எத்தனை மாதம் கிடக்க வேண்டுமோ தெரியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது, மொன்றியலில். மூஸ் என்று இங்கே சொல்லுகிற, குதிரையைவிட உயரமான அந்த மானைச் சுடும் காலம் தொடங்க இன்னும் நாலு நாள்.

கதையைத் தொடர்வதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். லிசெத்தும் நொர்மானும் என்னோடு கதைத்தது பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். இங்கே அவர்களை யாழ்ப்பாணத் தமிழில் பேச விட்டிருக்கிறேன். என் காதில் அவர்கள் அப்படித்தான் கேட்டார்கள். லிசெத்துக்கு நான் எப்போதும் 'நீர்'தான். 'நீ' என்று கூப்பிடுகிற ஆள் இல்லை அவர், 'நீங்கள்' என்று கூப்பிடுகிற ஆளும் இல்லை.

விளையாட்டுச் சாமான் கடை

சென்ற வாரம் நான் உணவகத்தில் பாத்திரம் கழுவிய கதையைப் படித்தவர்கள், பிறகு எப்படித் துவக்குக் கடைக்குப் போனேன் என்று கேட்டிருந்தார்கள். கடை கடையாக, வீடு வீடாக விளம்பரத் தாள் போடுகிற வேலையில் ஒருநாள் ரொக்ஸ்பரோவுக்குப் போனேன். அங்கே ஒரு கடையின் கண்ணாடியில், நுண்ணிய இரும்பு வேலை தெரிந்த ஆள் தேவை என்று கையால் எழுதி ஒட்டியிருந்தது. ஊரில் நான் ஒரு தொழிற்சாலையின் வேலைத்தளத்தில் பிற்றராக, இயந்திரப் பாகங்களை அராவிப் பொருத்துகிறவனாக இருந்தவன். தலைமயிர் அளவு பிசகினாலும் விரல் நுனியால் கண்டுபிடிப்பேன். மிச்ச விளம்பரத் தாள்களைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே சுவர் முழுக்கத் துவக்கு. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

"எந்த நாடு?" என்றார் லிசெத்.

"ஸ்ரீலங்கா."

"அங்க சண்டை நடக்குதெல்லே?"

"ஓம்."

"அப்ப உமக்குத் துவக்குத் தெரியும்," என்று அவரே முடிவுகட்டிக்கொண்டு, ஒரு வளைந்த திருகாணியை என் கையில் வைத்தார். நான் மறுக்கவில்லை. வேலை தேடுகிறவன் எதை மறுப்பான்? திருகாணியைத் தட்டி நிமிர்த்தி, அராவிக் கொடுத்தேன். திங்கட்கிழமை வரச் சொன்னார். அனுமதிப் பத்திரங்கள் எல்லாம் அவர் பெயரில். நான் அவருடைய கண்ணுக்கு முன்னால் பின்னறையில் வேலை செய்கிற ஆள்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர் தவம் அண்ணை. அவரிடம் விளையாட்டுச் சாமான் கடையில் வேலை என்று சொல்லிவைத்தேன். வேட்டையும் இந்த நாட்டில் விளையாட்டுத்தானே, முழுப் பொய்யில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அது வினையாகிப் போனது.

"தம்பி, எங்கட கிரிக்கெட் ரீமுக்கு ஒரு நல்ல மட்டை பாத்து எடுத்து வாரும்," என்று அவர் ஒரு கோடைகாலம் முழுவதும் என்னை விடவில்லை. மட்டை முடிந்துவிட்டது, கப்பலில் வருகிறது, வந்தது உடைந்திருந்தது என்று நான் அளந்துகொண்டே இருந்தேன்.

மஞ்சுவிடமும் இதே பொய்தான். கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தால் லொட்ஜ் முதலாளியின் மேசையில்தான் அவள் வந்து கதைக்க வேண்டும். அந்த மேசையைச் சுற்றி யார் நிற்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? துவக்கு என்ற சொல்லை அந்தக் கம்பிக்குள் அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை.

வேலைக்குப் போகிற வழியைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டும். எங்கள் பகுதிக்கும் பக்கத்துப் பணக்காரப் பகுதிக்கும் நடுவே ஒரு நீண்ட கம்பிவேலி ஓடும். அதில் ஒரு கதவைத் தேடிப் பிடித்து அந்தப் பக்கம் போனால்தான் எனக்கு ரயில். வேலிக்காக நீதிமன்றப் படியேறி வழக்காடுகிற ஊரிலிருந்து வந்தவனுக்கு அந்த வேலியில் ஒரு புதுமையும் தெரியவில்லை. பனையோலை இல்லாததுதான் குறை.

மூக்கோடு மூக்கு

அந்தக் கடையில் என் தனி வேலை, துவக்குக்கு மேலே ஸ்கோப்பைப் பிடித்து வைத்திருக்கிற இரண்டு வளையங்களைப் பொருத்துவது. ஸ்கோப் என்றால் தூரத்தைக் கிட்டத்தில் காட்டுகிற குழாய். முன்னால் ஒரு வளையம், பின்னால் ஒரு வளையம். ஒவ்வொன்றும் மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டாகப் பிளந்திருக்கும். வேடிக்கை பார்க்கிறவனுக்கு எட்டுத் திருகாணி வேலை. ஆனால் இரண்டு வளையமும் ஒரே நேரில் இல்லாவிட்டால் குழாய் முறுகும், கண்ணாடி பழுதாகும், குண்டு ஒருமுறை போன இடத்துக்கு மறுமுறை போகாது.

நேர் பார்ப்பதற்கு இரண்டு உருக்குத் தண்டுகள் இருக்கும், பென்சில் மாதிரி நுனி சீவியவை. ஒன்றை முன் வளையத்திலும் மற்றதைப் பின் வளையத்திலும் வைத்து மெல்லக் கிட்டக் கொண்டுவர வேண்டும். இரண்டு நுனியும் மூக்கோடு மூக்கு முட்ட வேண்டும். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் நின்றால், வளையத்தின் உட்பக்கத்தில் அராவுகிற பசை பூசி, நேரான ஒரு தண்டை வைத்து முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். கறுப்பு உள்வட்டம் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளியாகும். முக்கால்வாசி மினுங்கினால் போதும். அதற்கு மேல் தேய்க்கிறவன் ஆசைக்காரன், வளையத்தைப் பெருப்பித்துவிடுவான்.

பிறகு பசையைக் கழுவி, குழாயை வைத்து, மேல் பாதிகளைப் பூட்டி, திருகாணிகளை மாறி மாறிக் குறுக்கே இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மற்றப் பக்கத்துக்குப் போகக் கூடாது. உள்ளே தெரிகிற குறுக்குக்கோடு செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க, எதிர்ச் சுவரில் நான் ஒரு தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டேன். மேசன்மார் சுவர் கட்டும்போது பிடிக்கிற அதே தூக்குக்குண்டு. லிசெத் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அடுத்த கிழமை பார்த்தால் நூலுக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்து, நன்றாகத் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். அவருடைய பாராட்டு அப்படித்தான் வரும்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஒளிப்பானேன். மேசைக் கிடுக்கியில் பூட்டியிருக்கும்போது அது எனக்குத் துவக்கு இல்லை, ஒரு இரும்புச் சாமான்.

நான் செய்யாமல் விட்டது

எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒரு சோதனை உண்டு. துவக்கைக் கிடுக்கியிலிருந்து எடுத்து, தோளில் வைத்து, கன்னத்தைத் துவக்கின் மரக்கட்டையில் பதித்து, கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். ஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் இடையில் சரியான தூரம் இருந்தால் வட்டம் முழுதாகத் தெரியும். தூரம் பிழைத்தால் ஓரங்களில் இருட்டும். ஸ்கோப் கண்ணுக்குக் கிட்ட இருந்தாலோ, சுடும்போது துவக்குப் பின்னால் உதைக்கிற உதையில் அந்த இரும்பு விளிம்பு புருவத்தைப் பிளந்துவிடும்.

அந்தச் சோதனையை நான் ஒருநாளும் செய்ததில்லை. ஸ்கோப் வந்த பெட்டியில் எழுதியிருந்த அளவுக்கு ஒரு அட்டைத் துண்டை வெட்டி, கண் இங்கேதான் வரும் என்று மனக்கணக்கில் வைத்துப் பொருத்துவேன். துவக்கை லிசெத் வாங்கித் தன் தோளில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆளிடம் கொடுப்பார். நான் பார்த்ததைத் தான் இரண்டாம் முறை பார்ப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அதுதான் முதல் முறை என்று எனக்கு மட்டும் தெரியும்.

நொர்மான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். அவர் புது ஸ்கோப் கொண்டுவந்த கிழமை, லிசெத் மகளின் பிள்ளைப்பேற்றுக்காக கியூபெக் நகரத்துக்குப் போயிருந்தார். கடையை அவருடைய தம்பி பார்த்துக்கொண்டார். அவருக்கு மீன்தூண்டில் மட்டும்தான் தெரியும். நான் வளையங்களைப் பொருத்தி, அட்டைத் துண்டால் அளந்து, துடைத்து, பையில் போட்டுக் கொடுத்தேன். நொர்மானும் பஸ்ஸை வெளியே நிறுத்திவிட்டு வந்தவர், பார்க்க நேரமில்லாமல் கொண்டு போய்விட்டார். நீண்ட கழுத்துக்காரர் அவர். குறி பார்க்கும்போது தலையை முன்னால் நீட்டுவார் என்பது அட்டைத் துண்டுக்கு எப்படித் தெரியும்?

தோள் பார்த்தவர்கள்

ஏன் தோளில் வைக்கவில்லை என்பதை எழுதாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க முடியாது. எழுதத்தான் இத்தனை வருடம் பிடித்தது.

எங்கள் ஊரைச் சுற்றிவளைத்த ஒரு காலையில் ஆம்பிளைகள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக இருத்தினார்கள். சேட்டைக் கழற்றச் சொன்னார்கள். முழங்கையில் உராய்ந்த தழும்பு இருக்கிறதா, முழங்காலில் இருக்கிறதா, வலது தோளில் துவக்கு உதைத்துக் கன்றிய கண்டல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஒரு ஆமிக்காரன் வந்தான். தோளில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பான். நோவில் முகம் சுளித்தால் போச்சு.

எனக்கு முன்னால் இருந்தவன் இராசன், என்னோடு படித்தவன். கூட்டுறவுச் சங்கக் கடையில் மூட்டை இறக்குகிற வேலை. அவனுடைய வலது தோளில் காய்ப்பு இருந்தது. "மூட்டை, மூட்டை" என்று அவன் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னான். ஆமிக்காரன் இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு அவனை மற்ற வரிசைக்குப் போகச் சொன்னான். பிறகு என் தோளை அழுத்தினான். பிற்றருக்குத் தோளில் என்ன இருக்கும்? என்னை வீட்டுக்கு அனுப்பினான்.

மற்ற வரிசையை லொறியில் ஏற்றினார்கள். இராசன் திரும்பி வரவில்லை.

அந்தக் காய்ப்பு மூட்டையால் வந்தது என்று எனக்குத் தெரியும். அவன் இறக்கிய மாவில் எங்கள் வீட்டில் புட்டு அவித்திருக்கிறோம். நான் வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா, என்னையும் ஏற்றியிருப்பார்களா என்று தெரியாது. ஆனால் சொல்லவில்லை. அது எனக்கு வெட்கம், இன்றைக்கும்.

அன்றிலிருந்து வலது தோளில் நான் எதையும் வைத்ததில்லை. என் மகளைத் தூக்கியதுகூட இடது தோளில்தான். மொன்றியலுக்கு வந்தும் அது போகவில்லை. இங்கே யாரும் சேட்டைக் கழற்றச் சொல்லப் போவதில்லை என்று மூளைக்குத் தெரியும். தோளுக்குத் தெரியாது.

லிசெத் கேட்டது

இனிக் கடைக்கு வருவோம்.

"நீர் தோளில வைச்சுப் பாத்தனீரோ?" என்றார் லிசெத். குரல் உயரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.



அவர் நொர்மானின் பையிலிருந்து துவக்கை எடுத்து, உள்ளே குண்டு இல்லை என்று திறந்து பார்த்துவிட்டு, என்னிடம் நீட்டினார். "எனக்கு முன்னால ஒருக்கா வையும். எங்க பிழைச்சதெண்டு பாப்பம்."

வாங்கினேன். ஆயிரம் தடவை தொட்ட சாமான்தான். கட்டையைத் தோளுக்குக் கொண்டுபோக முழங்கை மடியவில்லை. மேசையில் திரும்ப வைத்துவிட்டேன். கடிதம் என் கண்ணுக்கு நேரே கிடந்தது. மஞ்சுவையும் பிள்ளையையும் நினைத்தேன். எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"மதாம், எனக்குத் துவக்குச் சுடத் தெரியாது," என்றேன். "ஒருநாளும் தோளில வைச்சதில்லை. உங்களிட்டச் சொல்லாமல் விட்டது என்ர பிழை."

"சண்டை நடக்கிற நாட்டில இருந்து வந்தனீரெல்லே?"

"சண்டையில நிண்டவை வேற. நான் ஓடினவன்."

நொர்மான் இடையில் புகுந்தார். பாவம், என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டார். "பயப்படாதையும். உதைச்சால் சும்மா ஒரு கண்டல்தான் வரும். இஞ்ச பாரும்," என்று சேட்டின் மேல் பொத்தான்களைக் கழற்றித் தன் வலது தோளைக் காட்டினார். நீலமும் மஞ்சளுமாக உள்ளங்கை அளவு கண்டல். "ஒவ்வொரு வருசமும் இந்த மாதம் வரும். என்ர மனிசி பகிடி பண்ணுவா."

அந்தத் தோளைப் பார்த்ததும், கையை நீட்டி அவருடைய சேட்டை மூடிவிட வேண்டும் போல இருந்தது.

"எங்கட ஊரில இதைப் பாத்தா உங்களைக் கொண்டு போயிருப்பினம்," என்றேன்.

பிறகு சொன்னேன். மைதானம், கட்டைவிரல், இராசனின் காய்ப்பு, லொறி எல்லாவற்றையும். என் உடைந்த பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் அது எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ தெரியாது. காய்ப்பு என்பதற்கு எனக்கு இரண்டு மொழியிலும் சொல் வரவில்லை. தோளைத் தொட்டு மூட்டை தூக்கிக் காட்டினேன். நான் வாய் திறக்காமல் இருந்ததையும் சொன்னேன். அதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை, மஞ்சுவிடம்கூட.

நொர்மான் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். கடைசிப் பொத்தானுக்கு நெடுநேரம் எடுத்தது.

குழாய்

பிறகு நொர்மான் செய்ததை நான் மறக்கமாட்டேன். துவக்கை எடுத்து, பின்பக்கத்தில் இழுத்துத் தள்ளுகிற போல்டை உருவி, என் கையில் வைத்தார். அது இல்லாமல் துவக்குச் சுடாது.

"இது உம்மட சட்டைப் பையில இருக்கட்டும்," என்றார். "இப்ப இது வெறும் குழாய். தோளில வைக்கிறது என்ர வேலை. வளையம் உம்மட வேலை."

போல்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளில் வைத்தார், கழுத்தை வழக்கம்போல நீட்டினார், கண்ணைத் திறந்தார். நான் பக்கத்தில் நின்று வளையத் திருகாணிகளைத் தளர்த்தி, ஸ்கோப்பை மயிரிழை மயிரிழையாக முன்னால் தள்ளினேன்.

"இப்ப?"

"இருட்டு."

"இப்ப?"

"ஒரு பக்கம் இருட்டு."

கட்டைவிரல் அகலம் முன்னால் போன பிறகுதான் முழு வட்டமும் வந்தது. பென்சிலால் கோடு போட்டேன். தடித்த வேட்டை மேலங்கியைப் போடச் சொல்லி மறுபடி பார்த்தோம், பென்சில் கோடு இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. பட்டினியாக இருக்கிறவன் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்ப்பது போல அவர் குழாய்க்குள் பார்க்கிறார் என்று லிசெத் திட்டினார். ஸ்கோப்பை அவ்வளவு முன்னால் கொண்டுபோக முன்பக்க வளையம் இடம் கொடுக்கவில்லை. அதைக் கழற்றி, துவக்கின் மேலே இருக்கிற அடுத்த வெட்டுக்கு மாற்றினேன். மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து. தண்டுகளின் மூக்கு மறுபடி விலகியிருந்தது. பசை பூசித் தேய்த்தேன், கழுவினேன், பூட்டினேன், தூக்குக்குண்டைப் பார்த்தேன். பின்னேரம் முழுவதும் போனது. நொர்மான் பஸ் ஓட்டிப் பிள்ளைகளை வீடுகளில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து, கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

போகும்போது போல்டைக் கொடுத்தேன். கையைக் குலுக்கவில்லை, என் இடது தோளில் தட்டிவிட்டுப் போனார். இடது என்று யோசித்துத்தான் தட்டினாரா என்று எனக்குத் தெரியாது.

கடிதம்

கடையை மூடுகிற நேரத்தில் லிசெத் கடிதத்தைக் கையில் எடுத்தார். அது பிரெஞ்சில் இருந்ததால் நான் அதை வாசித்திருக்கவில்லை. வாசித்து ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னார். நான் நேரம் தவறாதவன், சுத்தமானவன் என்றெல்லாம் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வரி: 'தன் நாட்டிலிருந்தே துப்பாக்கிகளில் நல்ல அனுபவம் உள்ளவர்.'

யாழ்ப்பாணத்தானின் குடிவரவுக் கோப்பில் அப்படி ஒரு வரி போனால், துவக்குத் தூக்கிச் சண்டை பிடித்தவன் என்றுதான் முடிவுகட்டுவார்கள். அதை விளக்கிச் சொல்லத் தேவை இருக்கவில்லை. மத்தியானம் கேட்ட கதை அவருக்குப் போதும்.

"நல்லதெண்டு நினைச்சுத்தான் எழுதினனான்," என்றார். என் பொய்யும் அவருடைய நல்ல மனமும் சேர்ந்து என் வீட்டுக்காரிக்குக் குழி வெட்டியிருந்தன.

அவர் கடிதத்தை நாலாகக் கிழித்தார். புதுத் தாளைத் தட்டச்சு இயந்திரத்தில் சொருகி, இரண்டு விரலால், அடிக்கொருதரம் யோசித்து யோசித்து அடித்தார். கையெழுத்துப் போட்டார். பிறகு ஒவ்வொரு வரியாக எனக்குச் சொன்னார்:

'இவர் எங்கள் கடையில் நிரந்தரமாக வேலை செய்து, ஸ்கோப் வளையங்களை நேர்ப்படுத்திப் பொருத்துகிறார். இந்த வேலையில் இவரைவிடத் திறமான ஆளை நான் கண்டதில்லை. இவர் சுடுபவர் அல்ல. துவக்கைத் தோளில் வைக்கும்படி இவரை நான் ஒருபோதும் கேட்கமாட்டேன்.'

அடுத்த நாள் அதை வழக்கறிஞரிடம் கொண்டுபோனேன். அவர் வாசித்துவிட்டு, எல்லாம் சரி, கடைசி வரி மட்டும் கந்தோர்க் கடிதத்துக்குப் பொருந்தாது, அதை எடுத்துவிட்டு வேறு எழுதி வாங்கி வரலாமா என்று கேட்டார்.

முடியாது என்றேன். இந்த நாட்டில் நான் முதன்முதலாக ஒரு படித்த மனிதருக்கு முடியாது என்று சொன்னது அதுதான். மஞ்சுவின் கோப்பு அந்த வரியோடுதான் போனது.